கல்லுப்பைக் கரைத்தால் கடல் வராது

"கடல் தண்ணியக் காய வச்சுத்தான உப்பு எடுக்காங்க? அந்த உப்பத் திருப்பித் தண்ணியில போட்டா கடல் தண்ணிதான சார்?"

திருவேங்கடம், குருவிகுளம், சங்கரன்கோவில் பக்கம் வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைக்க ஆசைப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் என்னிடம் வருகிறார்கள். கேள்வி என்றுகூடச் சொல்ல முடியாது. முடிவை எடுத்துவிட்டு, வேதியியல் வாத்தியார் ஒருவர் தலையாட்டிவிட்டால் போதும் என்று வருகிறார்கள். கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்திருப்பார்கள். மீன் விற்கும் அண்ணாச்சி ஒருவர் "ஆமா தம்பி, அதுவே போதும்" என்றிருப்பார். தூத்துக்குடிக் கல்லுப்பு மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும்போது, ரீஃப் தொட்டிக்கென்று, அதாவது பவளம் வளர்க்கும் தொட்டிக்கென்று, தனியாக விற்கும் உப்புக்கு ஆயிரக்கணக்கில் எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு அடியோடு தப்பு. இதை எத்தனை முறை சொன்னாலும் அடுத்த மாதம் வேறொரு பிள்ளை அதே கேள்வியோடு வந்து நிற்கிறது. ஆகவே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

முதலில், உப்பளத்தில் என்ன நடக்கிறது என்று போய்ப் பாருங்கள். நம் ஊரிலிருந்து கோவில்பட்டி வழியாகப் பேருந்தில் கிளம்பினால் அரை நாளுக்குள் முத்தையாபுரம் உப்பளத்தில் நிற்கலாம். கடல்நீரின் அடர்த்தி போமே அளவையில் சுமார் 3.5 டிகிரி. வெயிலில் சுண்டச் சுண்ட டிகிரி ஏறிக்கொண்டே போகும். ஏறும் வழியில் முதலில் பிரிந்து அடியில் படிவது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புச் சத்து. பிறகு, 13 டிகிரியைத் தாண்டியதும் ஜிப்சம் படியத் தொடங்குகிறது. இவை இரண்டும் உப்புப் பாத்திக்கு வருவதற்கு முன்பே வெளியேறிவிடுகின்றன. 25 டிகிரியை நெருங்கிய நீரைத்தான் பாத்தியில் விடுகிறார்கள். அங்கே 29 டிகிரி வரை பூப்பதுதான் உப்பு. அதற்கு மேல் மிஞ்சி நிற்கும் நீர் நாக்கில் வைக்க முடியாத கசப்பு. கடலின் மக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் அந்தக் கசப்பு நீரில்தான் இருக்கின்றன. அதை வடித்து வெளியே விட்டுவிடுகிறார்கள்.

ஏன் வெளியே விடுகிறார்கள்? மக்னீசியம் உப்போடு சேர்ந்தால் உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்து மூட்டையிலேயே நீர்த்துப்போகும். அதனால், கடலிலிருந்து சோடியம் குளோரைடை மட்டும் பிரித்து, மற்ற எல்லாவற்றையும் முடிந்த அளவு விலக்குவதுதான் உப்பளத் தொழிலாளியின் திறமை. தலைமுறை தலைமுறையாகக் கைவந்த அந்தத் திறமையின் பலனை மூட்டையாக வாங்கி வந்து, "இதில் கடல் முழுதும் இருக்கிறது" என்று சொல்வது அந்த உழைப்பையே புரிந்துகொள்ளாத பேச்சு. போதாக்குறைக்கு, தூத்துக்குடி வட்டாரத்தில் ஏராளமான உப்பளங்கள் கடல்நீரை நேரடியாகப் பாய்ச்சுவதில்லை. நிலத்தடியிலிருந்து உவர்நீரை மோட்டார் வைத்து இறைக்கின்றன.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. 1849-இல் உசிலியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக் கடல்நீரைப் படிப்படியாக ஆவியாக்கி, எது முதலில் படிகிறது, எது கடைசியில் என்று வரிசைப்படுத்திவிட்டார். கடல்நீரின் கூட்டு என்ன என்பதும் பழைய செய்திதான். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் ஆராய்ந்து 1884-இல் முடிவை வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடலாம், குறையலாம். அதனுள் இருக்கும் முக்கிய அயனிகளின் விகிதம் எந்தக் கடலிலும் ஏறக்குறைய ஒன்றே. பவளம் இந்த விகிதத்தில்தான் வாழ்கிறது.

அந்த விகிதம் என்ன? ஒரு கிலோ கடல்நீரில் கரைந்திருப்பது சுமார் 35 கிராம். அதில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் கீழ். இரண்டும் சேர்ந்து 30 கிராம் ஆகிவிட்டது. மீதமிருக்கும் 5 கிராமில்தான் தொட்டியின் தலையெழுத்து இருக்கிறது: சல்பேட் 2.7 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம், பொட்டாசியம் ஏறக்குறைய அதே அளவு, பிறகு பைகார்பனேட் முதலான சில. கல்லுப்பில் 35 கிராம் எடுத்துக் கரைத்தால் அந்த 5 கிராமின் இடத்தையும் ஏறக்குறைய முழுதாகச் சோடியம் குளோரைடே பிடித்துக்கொள்கிறது. மக்னீசியமும் கால்சியமும் இருக்க வேண்டியதில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சுகின்றன.

நம்பாதவர்கள் பள்ளி ஆய்வகத்துக்கு வரட்டும். பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வு படித்த பிள்ளைக்குக் கால்சியம் சோதனை தெரியும். கடல்நீரில் அம்மோனியம் ஆக்சலேட்டை விட்டால் வெள்ளை வீழ்படிவு விழும். நல்ல கல்லுப்பை வாலை வடிநீரில் கரைத்து அதையே விட்டால் லேசாகக் கலங்கும், அவ்வளவுதான். இந்தப் பாடத்தை எழுதி மதிப்பெண்ணும் வாங்கிய பிள்ளைகள்தான் வீட்டுக்குப் போய்க் கல்லுப்பைக் கரைக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

"ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டுதே சார்" என்பார்கள். காட்டும். அது அளப்பது அடர்த்தியை. தண்ணீரில் எந்த உப்பைக் கரைத்தாலும் அடர்த்தி ஏறும். உள்ளே மக்னீசியம் இருக்கிறதா, கால்சியம் இருக்கிறதா என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. ரிஃப்ராக்டோமீட்டருக்கும் தெரியாது.

அடுத்து வரும் வாதம் இன்னும் மோசம்: "எங்க மாமா வீட்ல கல்லுப்புத் தண்ணில மீனு உயிரோடதான இருக்கு?" மீனுக்குச் சிறுநீரகம் உண்டு, செவுளில் உப்பைக் கையாளும் உயிரணுக்கள் உண்டு. தன் ரத்தத்தின் உப்புக் கூட்டை வெளிநீரிலிருந்து வேறாக வைத்துக்கொள்ள அது போராடும். அந்தப் போராட்டத்தில் சில நாள், சில வாரம் ஓட்டும். பவளத்துக்கும் கடல் நத்தைக்கும் அந்த வசதி இல்லை. அவற்றின் உள்நீரின் கூட்டு கடல்நீரின் கூட்டை ஒட்டியே இருக்கிறது. மீன் நீந்துகிறது என்பதைப் பவளத்துக்கான சான்றாகக் காட்டாதீர்கள். மீன் துன்பப்படாமல் இருக்கிறது என்பதற்கும் அது சான்றில்லை.

கால்சியம் இல்லாத உப்புநீர் உயிர்த்திசுவை என்ன செய்யும் என்பதற்கு என் துறையைத் தொட்டே ஒரு கதை உண்டு. 1880-களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து வெறும் உப்புக் கரைசலில் துடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகவே துடித்தது. பிறகுதான் தெரிந்தது, கரைசலை வாலை வடிநீரில் தயாரிக்காமல் குழாய்த் தண்ணீரில் தயாரித்திருக்கிறார்கள் என்று. வடிநீரில் சோடியம் குளோரைடை மட்டும் கரைத்துவிட்டபோது துடிப்பு தளர்ந்து நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த சொற்பக் கால்சியம்தான் அதுவரை இதயத்தை ஓட்டியிருக்கிறது. 1883-இல் இதை அவர் வெளியிட்டார். மருத்துவமனைகளில் இன்று ஏற்றும் ரிங்கர் லாக்டேட் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

"சரி சார், கல்லுப்புல அயோடின் சேக்காததா வாங்கிக்கிடுதேன்" என்று சமரசம் பேசுவோரும் உண்டு. அயோடின் இங்கே பிரச்சினையே இல்லை. கடலிலும் அயோடின் இருக்கிறது. இல்லாத ஒன்றைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்கிறேன். இருக்கும் ஒன்றை எடுத்துவிட்டால் போதும் என்கிறார்கள்.

பேதி உப்பு, கால்சியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, ஆப்ப சோடா எல்லாவற்றையும் கல்லுப்போடு கலந்து ஈடுகட்டலாமே என்பது கொஞ்சம் படித்தவர்களின் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். செயற்கைக் கடல்நீருக்கு ஆய்வகங்களில் சூத்திரங்கள் உண்டு. 1967-இல் கெஸ்டரும் அவர் குழுவினரும் வெளியிட்டது இன்றும் பயன்படுகிறது. ஆனால் அவை தூய வேதிப்பொருள்களை நுண்தராசில் நிறுத்துச் செய்யும் சூத்திரங்கள். மூட்டைக்கு மூட்டை மண்ணும் ஈரமும் மாறும் கல்லுப்பை அடிப்படையாக வைத்து அந்தக் கணக்கைப் போட முடியாது. நுண்தராசும், தூய பொருளும், ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்கும் பொறுமையும் உங்களிடம் இருந்தால் செய்யுங்கள். அவற்றுக்கு ஆகும் செலவில் ரீஃப் உப்பையே வாங்கிவிடலாம்.

கல்லுப்பை ஒழித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். நீரை நிலையாக வைத்திருப்பது என்ற அடுத்த வேலை இருக்கிறது. இங்கேயும் தப்பான இடத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். பவளத்துக்கு எலும்புக்கூடு கால்சியத்தால் ஆனது, ஆகவே கால்சியத்தை ஊற்று என்கிறார்கள். தொட்டியில் முதலில் வற்றுவது கால்சியம் இல்லை, காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் பைகார்பனேட்டும் கார்பனேட்டும். கணக்கைப் பாருங்கள். சுண்ணாம்புக்கூடு கட்டும் உயிர்கள் ஒரு லிட்டரிலிருந்து 20 மில்லிகிராம் கால்சியத்தை எடுத்தால், கூடவே 2.8 டிகேஹெச் (காரத்தன்மையின் அலகு) அளவு காரத்தன்மையையும் எடுத்துவிடுகின்றன. கடல்நீரில் கால்சியம் 420 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. 400 ஆனால் ஒன்றும் கெடாது. காரத்தன்மையோ ஏறக்குறைய 7. அதில் 2.8 போனால் 4.2, ஐந்தில் இரண்டு பங்கு காலி. கால்சியம் சோதனை "எல்லாம் சரி" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொட்டி நொடித்திருக்கும்.

ஆகவே வாங்கும் முதல் சோதனைப் பெட்டி காரத்தன்மைக்கானதாக இருக்கட்டும். அது என்ன பெரிய மந்திரம்? அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, சொட்டுகளை எண்ணுவது. பிளஸ் டூவில் மெத்தில் ஆரஞ்சு வைத்துச் செய்யும் தரம்பார்த்தல்தான். 7-க்கும் 9-க்கும் இடையில் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். இன்று 7, நாளை 10, அதற்கு மறுநாள் 6 என்று ஆடும் தொட்டியைவிட, 7-இலேயே கிடக்கும் தொட்டி நன்றாக இருக்கும். மக்னீசியம் லிட்டருக்கு 1,300 மில்லிகிராமை ஒட்டி இல்லாவிட்டால் கால்சியம், காரத்தன்மை இரண்டையும் பிடித்து நிறுத்தவே முடியாது. கால்சியமும் கார்பனேட்டும் தாமாகவே கூடிச் சுண்ணாம்பாகப் படிவதைத் தடுத்து வைப்பது மக்னீசியம்தான். உப்பளத்தில் வடித்துவிடுகிறார்களே, அதே மக்னீசியம்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

தண்ணீர் குறைந்தால் உப்புத்தண்ணீர் ஊற்ற வேண்டும் என்கிறார்கள். கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அப்படியே கிடக்கிறது. 100 லிட்டர் தொட்டியில் 5 லிட்டர் ஆவியானால் 35 என்ற உப்பளவு 37-ஐ நெருங்கிவிடும். அதன்மேல் உப்புத்தண்ணீரும் ஊற்றினால் அது இறங்கவே இறங்காது. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் அடிக்கும் காற்றுக்கு நம் பக்கம் துணி காயும் வேகத்தைப் பார்த்திருப்பீர்கள். தொட்டியும் அப்படித்தான் வற்றும். தினமும் கண்ணாடியில் போட்ட கோடு வரை உப்பில்லாத தூய நீரை ஊற்றுங்கள். அந்தக் காற்றால் ஒரு நன்மையும் உண்டு. நீர்ப்பரப்பின்மேல் ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பி வைத்தாலே வெப்பம் இறங்கும்.

போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்கிறார்கள். போதாது. நம் கரிசலுக்கு அடியில் சுக்கான்கல் கிடக்கிறது, தண்ணீர் கடினம். உரம் போட்ட காடுகளைத் தாண்டி இறங்கும் நீரில் நைட்ரேட்டும் இருக்கும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, நீர்தான் சுண்டும். ஆர்.ஓ. நீரை அயனி நீக்கும் பிசின் வழியாகவும் விட்டு, டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரைப் பயன்படுத்துங்கள். கேன் தண்ணீரில் குடிப்பதற்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்த்திருக்கலாம். அளக்காமல் ஊற்றாதீர்கள்.

பிஹெச் 7.9-க்கு இறங்கிவிட்டது என்று ஆப்ப சோடாவைக் கொட்டுகிறார்கள். ஆப்ப சோடா காரத்தன்மையை ஏற்றும், பிஹெச்சை ஏற்றாது. பூட்டிய ஏ.சி. அறையில் நாலு பேர் மூச்சுவிட்டால் கரியமில வாயு கூடி பிஹெச் இறங்கத்தான் செய்யும். ஜன்னலைத் திறங்கள்.

அடியில் கிளிஞ்சலும் பவள மணலும் போட்டால் அவை கரைந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். தொட்டி நீரின் பிஹெச் 8-ஐ ஒட்டி இருக்கும்வரை அவை கரையாது. கரையாதது எதையும் பார்த்துக்கொள்ளாது.

வெற்றிலைச் சுண்ணாம்பைத் தெளியவைத்து ஊற்றலாமா என்றால், முறை சரி, பொருள் சரியில்லை. தெளிந்த சுண்ணாம்பு நீர் கால்சியத்தையும் காரத்தன்மையையும் சேர்த்தே தரும். பழைய ஜெர்மானிய ரீஃப் வளர்ப்பாளர்கள் அதை வைத்தே தொட்டிகளை நடத்தினார்கள். ஆனால் அதன் பிஹெச் 12-க்கு மேல். தூய கால்சியம் ஹைட்ராக்சைடில் தயாரித்து, இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு டம்ளரை ஒரேயடியாக ஊற்றினால் தொட்டி போய்விடும்.

கடல்நீரையே கேனில் கொண்டுவரலாமா என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை. கல்லுப்பைவிட அது எவ்வளவோ மேல். 1961-இலேயே லீ சின் எங் என்ற இந்தோனேசியர், ஜகார்த்தாவில் கடல்நீரும் கடற்கல்லும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துப் பவளம் வளர்த்ததை எழுதியிருக்கிறார். ஆனால் துறைமுகம், அனல்மின் நிலையம், கழிவு வாய்க்கால் பக்கம் எடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் தாமிரபரணி பெருகிக் கலக்கும் நாட்களில் புன்னைக்காயல் பக்கம் எடுத்தால் உப்பளவு குறைந்திருக்கும். எடுத்த நீரை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, வடிகட்டி, இருட்டில் சில நாள் வைத்திருந்து பயன்படுத்துங்கள்.

லீ சின் எங்கின் தொட்டியில் இருந்த அந்தக் கடற்கல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "உயிர்க்கல் போட்டாத்தான் தொட்டி நிக்கும், ராத்திரி கொண்டுவந்து தாரேன்" என்று சொல்பவர்கள் இந்தப் பக்கமும் வருகிறார்கள். அந்தக் கல் எங்கிருந்து வருகிறது? மன்னார் வளைகுடாவிலிருந்து. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் அங்கே பல்லாண்டுகள் பவளக்கல் வெட்டினார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. வான் தீவும் காரியாச்சல்லியும் கரைந்து சிறுத்துவிட்டன. அலையைத் தடுத்து நின்ற பவளத்தை வெட்டி எடுத்ததுதான் இதற்கு முக்கியக் காரணம். போதாதென்று 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்தன. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் கைப்பிடி கைப்பிடியாகப் பவளத்துண்டுகளை அங்கே நட்டு வருகிறார்கள். ஒருபக்கம் அவர்கள் நட, மறுபக்கம் நம் வரவேற்பறைக்காக ஒருவன் பெயர்த்து எடுப்பதா?

பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாமே 2001-இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. பிடித்தாலும் வாங்கினாலும் விற்றாலும் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை. கல்லைப் பொறுத்தவரை, நுண்துளை உள்ள செயற்கைக் கல்லை வைத்துச் சில வாரம் பொறுத்தால் வேண்டிய பாக்டீரியா அதிலேயே குடியேறும். மீனுக்கும் கடலில் வலை போட வேண்டியதில்லை. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் எப்போதோ நிலைநாட்டிவிட்டது. பண்ணையில் பிறந்த மீன் தொட்டிக்குப் பழகியது, தீனிக்கும் பழகியது. கடைக்காரரிடம் "இது எங்க பொரிச்சது?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். ராத்திரியில் கல் கொண்டுவந்து தருகிறேன் என்பவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.